விபூதியில் வந்த கோடு

டை, அதாவது வார்ப்பு அச்சு, பரிசோதிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு என் அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லித் தொழிற்சாலையிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடியை எப்படிப் பிடிப்பது, மயிரிழை நீட்சியையும் அளக்கிற டயல் கேஜை எங்கே பொருத்துவது என்பதையெல்லாம் உங்களுக்குக் காட்டித் தர அங்கேயே ஆட்கள் உண்டு. பத்து நாளில் கைக்கு வந்துவிடும். கைக்கு வந்த பிறகு தலைக்கு ஏறும், அதைப் பற்றித்தான் ஒருவரும் சொல்வதில்லை. முப்பது வருஷம் அந்த வேலையில் இருந்தேன். நான் கண்டுபிடித்த வெடிப்புகளைப் பற்றி ஓய்வு பெற்ற அன்று மேடையில் பேசினார்கள், மாலையும் போட்டார்கள். நான் கோட்டைவிட்ட ஒன்றைப் பற்றி யாரும் பேசவில்லை. அதை எழுதுகிறேன்.

தேசப்பன் என்ற மிஷின்மேனுக்கு வலது கண் போனது என்னால். அவருடைய பெயர் கெட்டதும் என்னால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை கேட்பதுபோல் கடைசிவரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் தொழிற்சாலை திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே தகரக் கூரை போட்டு நின்றது. மின்சார மீட்டருக்கு அலுமினிய மூடி வார்த்துக்கொடுப்பதுதான் பெரிய வேலை. உருகிய அலுமினியத்தை அழுத்தித் தள்ளி வார்க்கிற எஃகு அச்சைத்தான் டை என்கிறோம். அது இரண்டு பாதியாக இருக்கும், இரண்டும் சேர்ந்து மூடினால் உள்ளே இருக்கும் பள்ளம்தான் மூடியின் வடிவம். எஃகுக்குள் குடைந்த துளைகளில் தண்ணீர் ஓடி டையைக் குளிர வைக்கும். ஒரு நிமிஷம் கொதிக்கும் உலோகம், அடுத்த நிமிஷம் தண்ணீர் என்று நாள் முழுக்க அடி வாங்கினால் எஃகும் வெடிக்கும். முதலில் குதிகால் வெடிப்பு மாதிரி மேலாகத்தான் வரும். அது டையை உடனே கொன்றுவிடாது. ஒரு மூலையில் பிறந்து ஆழமாக இறங்குகிற ஒற்றை வெடிப்புதான் ஆளைக் கொல்லும்.

அதைக் கண்டுபிடிக்க எனக்கு இருந்தவை மண்ணெண்ணெயும், சாக்குக்கட்டியைப் பொடித்த சாக்குத்தூளும்தான். டையின் பள்ளத்தில் மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்குத்தூளைத் தூவ வேண்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைத் தூளில் கோடாக எழுந்து வரும். மாதம் ஒரு தடவை எல்லா டைகளுக்கும் செய்வேன். அந்தக் கோடு எழும்பி வருவதைப் பார்க்க அப்போது எனக்குப் பெருமையாக இருக்கும். இந்தத் தொழிற்சாலையில் எஃகுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற எண்ணம்.

டையை மூடிப் பிடித்திருக்கும் நான்கு தூண்களையும் அளப்பேன். டை மூடும்போது அந்தத் தூண்கள் ஒரு மயிரிழை நீளும். நான்கும் ஒரே அளவு நீண்டால் டை நாலா பக்கமும் சமமாக அழுத்தம் வாங்குகிறது என்று பொருள். எங்கள் மூன்றாம் நம்பர் மிஷினில் மேல் வலது தூண் மற்ற மூன்றையும்விட அதிகமாக நீண்டுகொண்டிருந்ததை நான் கண்டுபிடித்து நட்டைச் சரிசெய்தேன். அதற்கு முன் எத்தனை வாரம் அந்த மூலை மட்டும் கூடுதலாக நசுங்கிக்கொண்டிருந்தது என்பதை யோசிக்கவில்லை. சரிசெய்துவிட்டோம் என்ற திருப்தியே போதுமாக இருந்தது.

மூன்றாம் நம்பர் மிஷினில் நின்றவர்தான் தேசப்பன். மீனவர் குப்பத்திலிருந்து வந்தவர். அவர் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள், இவர் ஒருவர்தான் தொழிற்சாலைக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அப்போது அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். இப்போது எழுத உட்கார்ந்தால் அவர் என்றுதான் வருகிறது. அதிகம் பேசமாட்டார். உலோகத்தை உள்ளே தள்ளுகிற லிவரை இழுப்பதற்கு முன் டை மூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்ப்பார். மற்ற மிஷின்காரர்கள் அதற்காக அவரைக் கேலி செய்வார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வழக்கம்போல் எல்லா டைகளையும் இறக்கி, மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்து, பஞ்சு வேஸ்டால் துடைத்துப் பலகைமேல் வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் விபூதியைக் குழைத்து மூன்று பட்டை, நடுவில் குங்குமம். பட்டையைப் பள்ளத்துக்குள் போட முடியாது, அதனால் பள்ளத்துக்கு வெளியே இரண்டு பாதியும் ஒன்றோடொன்று பொருந்துகிற தட்டையான முகத்தில் போட்டார்கள். பொரி கடலை கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன், பூஜையில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்புச் சட்டை போடுகிற ஆள் நான். கற்பூரம் காட்டும்போது வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், எல்லோரும் பார்க்கும்படியாக.

மறுநாள் விடுமுறை. அதற்கடுத்த நாள் காலை ஆறரைக்கு நான் வந்தேன். போர்மேனுக்குக் காய்ச்சல் என்று பூஜையன்றே சொல்லியிருந்தார்கள். மத்தியானம் லாரி வந்து மூடிகளை ஏற்றிப்போக வேண்டும், பூஜையும் விடுமுறையுமாக இரண்டு நாள் மிஷின் ஓடாததால் சரக்கு குறைவாக இருந்தது. எந்த டையை மிஷினில் ஏற்றலாம், எதை நிறுத்தலாம் என்று சொல்லும் பொறுப்பு அன்றைக்கு என் தலையில். அதுவும் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே பிடித்திருந்தது.

தேசப்பன் எனக்கு முன்பே வந்து தன் டைக்கு எதிரே குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"சார், இத்த இன்னிக்கி ஏத்த வோணாம்."

"ஏன், இன்னா ஆச்சு?"

"விபூதில கோடு வந்துகீது சார். தொட்ச்சிட்டு மறுபடியும் பூசி வெச்சேன். அதே எடத்துல மறுபடியும் வந்துச்சி."

போய்ப் பார்த்தேன். பள்ளத்தின் மேல் வலது மூலையிலிருந்து தலைமுடி கனத்துக்கு ஒரு ஈரக் கோடு கிளம்பி, மூன்று பட்டைகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது. அதை நான் பார்த்தேன் என்பதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் நடந்த தப்பு இல்லை இது. மாதாமாதம் சாக்குத்தூளில் நான் பார்க்கிற அதே கோடு. ஆனால் விபூதியில் வந்ததால் என் கண்ணுக்கு அது கோடாகத் தெரியவில்லை. சாமி சமாசாரமாகத் தெரிந்தது.

"இன்னா தேசப்பா, சாமி கோச்சுக்கிச்சா?" என்றேன்.

பக்கத்து மிஷினுக்கு உலை மூட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். தேசப்பன் சிரிக்கவில்லை.

"நல்லா பாரு சார். மூலைலேர்ந்து வர்து."

"படையல்ல கொற வெச்சிட்டியா? போன வாரம்தான் இந்த டைய நான் என் கையால பாத்தேன். ஒண்ணுமில்ல. ஏத்து."

போன வாரம் பார்த்தது நிஜம். பள்ளத்துக்குள் மட்டும் பார்த்தேன். வெளி முகத்தில் நான் ஒருநாளும் தூள் போட்டதில்லை, சூடு படாத இடத்தில் வெடிப்பு எங்கே வரப்போகிறது என்பது என் எண்ணம். அரை மணி நேரம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும். லாரி அரை மணி நேரம் நின்றிருந்தால் யாருக்கும் குடி முழுகியிருக்காது. ஆனால் அவர்கள் சிரித்த பிறகு உட்கார்ந்து தூள் போட்டுப் பார்த்தால் என் கறுப்புச் சட்டை என்ன ஆவது. பஞ்சு வேஸ்டை எடுத்து அந்தப் பட்டைகளை நானே துடைத்தேன். தேசப்பன் டையைத் தூக்கக் கப்பிச் சங்கிலியைக் கொண்டுவந்தார்.

அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. ஒரு தடவை சிரிப்புக்கு ஆளானவன் இரண்டாம் தடவை வாயைத் திறக்க மாட்டான். புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதை எழுதி வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

பதினொரு மணி இருக்கும். நான் இரண்டாம் நம்பர் மிஷினில் தூண் அளந்துகொண்டிருந்தேன். பீப்பாயை உயரத்திலிருந்து போட்டதுபோல் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது மூன்றாம் நம்பரைச் சுற்றி வெள்ளையாக ஆவி. அதற்குள்ளிருந்து தேசப்பன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். கத்தவில்லை. "தண்ணி, தண்ணி" என்றுதான் சொன்னார், அதுவும் மெதுவாக. முகத்தின் வலது பக்கத்தில் அலுமினியம் சிறு சிறு துளிகளாக ஒட்டியிருந்தது. லாரி அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தது. மூடிகளை ஏற்ற வந்த லாரியில் அவரை ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

நடந்தது இதுதான். மூலையில் இருந்த வெடிப்பு சூட்டில் வாய் திறந்து, உள்ளே ஓடும் தண்ணீர்த் துளைவரை போயிருந்தது. பள்ளத்தில் தண்ணீர் கசிந்து நின்றது. அதன்மேல் கொதிக்கும் உலோகம் போய் விழுந்ததும் ஆவியாக வெடித்து, மூலை வழியாகப் பீறிட்டது. சாயங்காலம் டையை இறக்கி, எல்லோரும் போன பிறகு வெளி முகத்தில் சாக்குத்தூள் போட்டுப் பார்த்தேன். காலையில் நான் துடைத்த அதே கோடு, அதே சாய்வில் எழுந்து வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே கெட்டது என் கண்கூட இல்லை.

மிஷினுக்குப் பின்னால் ஒரு பலகைமேல் இன்னொன்றையும் பார்த்தேன். அன்று காலை வார்த்த மூடிகளில் ஏழெட்டைத் தேசப்பன் தனியாக எடுத்து வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும், டையின் வெடிப்புக்குள் புகுந்த உலோகம் விட்ட மயிரிழை மாதிரி ஒரு மேடு. முதல் மூடியில் நகக்கண் அளவு. அடுத்ததில் கொஞ்சம் நீளம். கடைசி மூடியில் விரல் நீளம். வெடிப்பு வளர்வதை வரிசை போட்டுப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். சகுனத்துக்குப் பயந்துபோனவன் மூடிகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அந்த மூடிகளை எடுத்துப்போய் உருக்கும் சட்டியில் போட்டேன். கழிபட்ட வார்ப்பு சட்டிக்குப் போவது வழக்கம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள் போர்மேன் காய்ச்சலோடு வந்தார். எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் அவர்தான். உடைந்த டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தூள் போட்டுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். "பள்ளத்துல பாத்தேன்" என்றேன். அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன் என்று பல தடவை நினைத்ததுண்டு, ஆனால் அது என் தப்பை அவர் தலையில் கட்டுகிற பேச்சு.

விசாரணை நடந்தது. மேனேஜர் கேட்டார், "காலையில் வேலை தொடங்குமுன் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா?" அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "விபூதியில் ஏதோ கோடு தெரிந்ததாகச் சகுனம் பார்த்தான், சார். மனசு சரியில்லாமல்தான் மிஷினில் நின்றான். டை முழுசாக மூடுமுன் லிவரை இழுத்திருப்பான்."

இழுத்திருப்பான் என்று நான் சொன்னதை இழுத்தான் என்று எழுதிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை, கையெழுத்துப் போட்டேன். டையில் இருந்த வெடிப்பு விபத்தின்போது உண்டானது என்று முடிவாயிற்று. விபத்தே அதனால்தான் உண்டானது என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான் இருந்தேன். எனக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது. அது காரணம்தான், சாக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேசப்பன் ஒற்றைக் கண்ணோடு திரும்பி வந்தார். மிஷினில் நிற்க விடவில்லை. கேட்டருகே கூட்டுகிற வேலை கொடுத்தார்கள். இரண்டு மாதம் கூட்டிவிட்டு நின்றுவிட்டார். சுமார் இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் காலடிப்பேட்டையில் என் வீட்டுத் தெருமுனையில் மீன் கூடையோடு எதிரே வந்தார். நான் தலையைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன். அவரே நின்று, "நல்லாகிறியா சார்? கொழந்த பொறந்துச்சாமே" என்று கேட்டார். அந்த விசாரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குப்பத்துக்குப் போனேன். அவர் சாமி குற்றம் என்று நினைத்து மருகிக்கொண்டிருப்பார், உண்மையைச் சொல்லி அந்தப் பாரத்தையாவது இறக்கிவைப்போம் என்பது என் உத்தேசம்.

மணலில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டித் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"தேசப்பா, அன்னிக்கி அந்தக் கோடு சாமி போட்டதில்ல. கிருஷ்ணாயில். வெடிப்புக்குள்ளேர்ந்து ஊறி வந்தது. சாமி காட்டிச்சு, நாம கேக்கலியேன்னு நீ மனசுல வெச்சிக்காத. தப்பு என்னுது."

அவர் ஊசியை நிறுத்தினார். இடது கண்ணால் என்னைப் பார்ப்பதற்காகத் தலையை நன்றாகத் திருப்ப வேண்டியிருந்தது.

"சாமின்னு நான் எப்ப சார் சொன்னேன்?"

ஊசியை மணலில் குத்தி வைத்தார்.

"கோடு வந்துகீதுன்னு சொன்னேன். தொட்ச்சி பூசினேன், மறுபடியும் வந்துச்சின்னு சொன்னேன். மூலைலேர்ந்து வர்துன்னு சொன்னேன். சாமி பேச்ச எட்த்தது நீதான் சார்."

"அப்ப, அது இன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"எண்ண ஊறுதுன்னு தெரியாதா? படகு எங்க ஒழுகுதுன்னு தெரியலன்னா உள்ள தண்ணி ஊத்திட்டு வெளில அடுப்புச் சாம்பல பூசுவோம். எங்க நனைதோ அங்க பலக வுட்டுகீதுன்னு அர்த்தம். மொத தபா வந்தது கை ஈரமா இருக்கலாம்னு ரெண்டாந்தபாவும் பூசிப் பாப்போம். அத்தத்தான் அன்னிக்கும் செஞ்சேன்."

அன்று காலை அந்தத் தொழிற்சாலையில் முறையாகப் பரிசோதனை செய்தவர் அவர் ஒருவர்தான். ஒன்றுக்கு இரண்டு தடவை செய்தார். மூடிகளை வரிசை வைத்து அளவும் பார்த்தார். சாமியை நினைத்தவன் ஒரே ஒருத்தன், அது நான். நான் இன்றைக்கும் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. ஆனால் மூடநம்பிக்கை எது என்று யாராவது மேடையில் பேசினால் என் முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. தம்பிகளா, ஒருவர் வந்து ஏதோ சரியில்லை என்று சொன்னால் அவர் நெற்றியைப் பார்க்காதீர்கள், பேச்சைப் பார்க்காதீர்கள். எங்கே பார்த்தீர்கள், எத்தனை தடவை பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

"விசாரணைல ஏன் இத்த சொல்லல?" என்று கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது.

"கண்ணு ரெண்டயும் கட்டிக் கெடந்தேன். கிளார்க்கு வந்து கைநாட்டு வாங்கினு போனாரு. இன்னா எழுதிக்கீதுன்னு வெளில வந்தப்பறம்தான் தெரிஞ்சிது." ஊசியை மறுபடி கையில் எடுத்தார். "கண்ணு போனது போச்சு சார். பாக்காம லிவர இட்த்தேன்னு எழுதிட்டாங்களே, அதான் பேஜாரா கீது. நான் பாக்காம இட்த்தவனா? வேற ரெண்டு கம்பெனிக்குப் போனேன். நீதான் அந்த ஆளான்னு கேட்டு அனுப்பிட்டாங்க. அத்த மட்டும் மாத்திக் குடு சார். வேற ஒண்ணும் வோணாம்."

மாற்றித் தருகிறேன் என்றேன்.

மறுநாள் ஒரு கடிதம் எழுதினேன். அன்று நான் சொன்னது பொய், தேசப்பன் வெடிப்பைக் கண்டுபிடித்து என்னிடம் சொன்னார், நான்தான் டையை ஏற்றச் சொன்னேன் என்று எல்லாவற்றையும் எழுதி மேனேஜர் மேஜைமேல் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். கோபப்படவில்லை.

"அந்த டை எங்கே?"

"பழைய இரும்புக்குப் போயிடுச்சு, சார்."

"அவன் எடுத்து வைத்த மூடிகள்?"

"நான்தான் உருக்கிட்டேன்."

"அப்போ உங்கள் வாய்ப்பேச்சைத் தவிர வேறு என்ன இருக்கு? அன்றைக்கும் அதை நம்பித்தான் எழுதினோம். அது பொய் என்றால் இதை மட்டும் எப்படி நம்புவது?" என்று கேட்டுவிட்டு, கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "போய் வேலையைப் பாருங்கள்."

போய் வேலையைப் பார்த்தேன். அடுத்த வருஷம் என்னைச் சீனியர் ஆக்கினார்கள். நடந்ததைத் தேசப்பனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்தேன், போகவில்லை. நான்கு வருஷம் கழித்து அவர் இறந்துவிட்டார் என்று மீன்காரம்மா சொல்லித்தான் தெரியும். நீங்கள் வேலை செய்கிற அந்தக் கட்டடத்தில், ஆபீஸ் அறையின் பழைய அலமாரியில், விபத்து விசாரணைக் கோப்புகள் இருக்கின்றன. அதில் தேசப்பன் சகுனத்துக்குப் பயந்து, பார்க்காமல் லிவரை இழுத்தவர். பக்கத்தின் அடியில் இருப்பது என் கையெழுத்து.